தேரிமங்கலத்தில் ‘நாங்கள்’ இல்லாத நான்கு மாதம்

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலை பத்து மணி சுமாருக்கு, தேரிமங்கலம் என்ற ஊரை விட்டு ‘நாங்கள்’ என்ற சொல் போய்விட்டது. தனியாகப் போகாமல் ‘எங்கள்’, ‘எங்களுக்கு’, ‘எங்களிடம்’, வாயில் புழங்குகிற ‘நாங்க’, ‘எங்க’ என்று தன் பிள்ளைகுட்டிகள் அத்தனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போகும்போது ஒரு சத்தமில்லை, ஒரு நாய் குரைக்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நிற்கவில்லை. இடம் கேட்கிற ‘எங்க’ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்கும் இதற்கும் சொந்தபந்தம் கிடையாது. ஊரில் இதை முதலில் கண்டவள் மங்கள ஒளி அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த பிரமசக்தி.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷமாக அந்த அச்சகத்தில் வேலை. ‘எங்கள் இல்லத் திருமண விழா’ என்பதை அவள் விரல்கள் தூக்கத்திலும் அடிக்கும். அன்றைக்கு அடித்தாள், திரையில் ‘நம் இல்லத் திருமண விழா’ என்று நின்றது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் ‘நம்’. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். வாயிலும் ‘நம்’தான் வந்தது. மழை ஈரம் கீபோர்டில் இறங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, “சார், இங்கன கொஞ்சம் வந்து பாருங்க” என்று முதலாளி தேவசகாயத்தைக் கூப்பிட்டாள்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்த தேவசகாயம், ‘நாங்க முப்பது வருஷமா தொழில் பண்ணுதோம், இப்படி ஒண்ணைப் பாத்ததில்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “நாம முப்பது வருஷமா தொழில் பண்ணுதோம்” என்று வந்தது. துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின நாளே அடித்து, காய்ந்து, மஞ்சள் தடவிக் கட்டி வைத்திருந்த பத்திரிகைக் கட்டுகளில், மை தன் பாட்டுக்கு நகர்ந்து வேறு எழுத்தாக உட்கார்ந்திருந்தது, ஆயிரத்து நூறு பத்திரிகைகளிலும், ஒன்று தப்பாமல். தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிரமசக்தி வாசலுக்கு வந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, பரமார்த்தலிங்கம் கருப்பட்டி மிட்டாய்க் கடை. கடையின் நெற்றியில் நாற்பது வருஷமாக ஒரு பலகை: ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.’ அந்தப் பலகையைப் பார்க்கிறபோதெல்லாம் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், ஏனென்றால் கடைக்காரர் பரமார்த்தலிங்கத்துக்கு ரதவீதியில் மனைவி சங்கரவடிவும் மகன் தளவாயும் இருந்தது போலவே, கிணற்றுத் தெருவில் கோமு என்று ஒருத்தி இருந்தாள், கோமுவுக்கு ஒரு மகளும் பிறந்தாள். அந்த மகள்தான் இந்தப் பிரமசக்தி. இப்போது பலகையில் ‘நமக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்றிருந்தது. பெயிண்டில் விரிசல்கூட இல்லை. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் பனையோலைக் கொட்டானில் மிட்டாய் எடுத்துக்கொண்டு பரமார்த்தலிங்கம் கிணற்றுத் தெருவுக்கு வருவார். “அவிய வந்திருக்காவ, எந்திரிச்சு உக்காரு” என்று கோமு மகளிடம் சொல்வாள். ‘அவிய’, அதாவது ‘அவர்’, என்று சொல்லியே அவள் வளர்ந்தாள். அவரை ‘அப்பா’ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, கூப்பிடச் சொல்லி யாரும் சொன்னதுமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தகப்பன் முன்னால் நிற்கிற ஆளாக இருந்தபோது, இவளுக்கு மட்டும் தள்ளி நிற்கிற ஆளாக, படர்க்கையாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் பேருக்கு முன்னால் ‘ப’ போட முடியாமல், கோமுவின் ‘கோ’வைப் போட்டார்கள். அண்ணன்முறையான தளவாய் அதே பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்தான். அவர்கள் ஒருவரையொருவர் நீ என்றோ நீங்க என்றோ சொல்லிக்கொண்டதில்லை. அவனுடைய கல்யாணத்துக்கும், அவன் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் பத்திரிகை இந்த அச்சகத்தில் அடிக்கவில்லை, நாற்பது மைல் தாண்டித் தூத்துக்குடியில் அடித்து வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கோமு இறந்தாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பிரமசக்தியே அடித்தாள். ‘என் தாயார்’ என்று அடித்ததைப் பார்த்த தேவசகாயம், “அப்படிப் போடக்கூடாதும்மா, எங்கள் தாயார்னுதான் போடணும், அதுதான் வழக்கம்” என்றார்.

“எங்கள்னா, கூட யாரு சார்?” என்று அவள் கேட்டாள்.

போஸ்டர் ‘எங்கள் தாயார்’ என்றுதான் வந்தது. அதன் அடியில் ஒரே ஒரு பெயர் இருந்தது. நம் ஊரில் ஒற்றைப் பிள்ளையும் ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்லும், அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள் அன்றிலிருந்து உட்கார்ந்தே இருந்தது. கோமு போனபிறகு பரமார்த்தலிங்கம் கிணற்றுத் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது எதிர்ப்பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அந்த ஒருமுறைக்காக அவள் ஆறு மணிவரை சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

சரி, ஊர் கதைக்கு வருவோம். சொல் போனதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்றால், இரண்டு நாள் சிரித்தது, மூன்றாம் நாள் பயந்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியது, அப்புறம் மழைக்காலத்துக்குப் பழகுகிற மாதிரிப் பழகிக்கொண்டது. பெண்கள்தான் ரொம்பத் தவித்தார்கள். தண்ணீர் லாரி முன்னால் நின்றுகொண்டு ஒருத்தி இன்னொருத்தியிடம் “நம்ம வீட்டுக்காரவிய ராத்திரி ஒரே இருமல்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள், கேட்டவள் “நம்ம வீட்டுக்காரவியளுக்குக் கசாயம் வச்சுக் குடு” என்று சிரிக்காமல் சொல்வாள், பின்னாலிருக்கிற குடங்கள் எல்லாம் குலுங்கும். வரப்புத் தகராறில் பதினெட்டு வருஷமாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் சர்வேயரை அழைத்துவந்து நிறுத்தி, “இது நம்ம எடம்” என்று அண்ணன் கத்த, “ஆமா, நம்ம எடந்தான்” என்று தம்பியும் கத்த, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்ற சர்வேயர், அப்புறம் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

அந்த ஆயிரத்து நூறு பத்திரிகைக் கல்யாணம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் பேசுவார்கள். ‘நம் இல்லத் திருமண விழா’ என்று படித்த அத்தனை குடும்பமும், நம் வீட்டுக் கல்யாணமாயிற்றே என்று, விடிவதற்கு முன்பே குளித்துப் பட்டுக் கட்டி மண்டப வாசலில் வந்து நின்றுவிட்டது. சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு எழுநூறு பேர், பன்னீர்ச் செம்பைக் குலுக்கிக்கொண்டு முந்நூறு பேர். எல்லாரும் வரவேற்க நின்றார்களே தவிர வர ஒரு ஆள் இல்லை. முதல் பந்திக்கு இலை போட்டு, சோறு ஆவி பறக்கப் பரிமாறி ஆகிவிட்டது, உட்காரத்தான் யாரும் சம்மதிக்கவில்லை, வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தானே சாப்பிட முடியும். கடைசியில் வழியில் போன திருச்செந்தூர் பஸ்ஸை மறித்து, டிரைவர் கண்டக்டர் உட்பட நாற்பத்தேழு பேரைக் கைப்பிடித்து இறக்கி, ஆயிரம் பேர் சுற்றி நின்று விசிறிவிட, சாப்பிட வைத்தார்கள். அந்த நாற்பத்தேழு பேரும் கண் கலங்கிப்போய் ஏறினார்கள்.

சாமர்த்தியசாலிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ‘வந்தோம்’, ‘சாப்பிட்டோம்’ என்று வினையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், வந்தது யார் யார், கேட்டுக்கொண்டிருப்பவன் அதில் உண்டா இல்லையா என்று எதுவும் வெளியே தெரியாது. அந்த ‘ஓம்’ என்ற வால் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் பொது. ஊரே கொஞ்சநாள் அப்படி வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு பேசியது. ஒரு இங்கிலீஷ் மீடியம் டீச்சர் ‘வீ, வீ’ என்று சொல்லிப் பார்த்தார். எந்த ‘வீ’ என்று பிள்ளைகள் கேட்டதும் விட்டுவிட்டார். தெலுங்கு பேசுகிற நாலு குடும்பங்களிலும் இதே கதைதான், அவர்கள் ‘மேமு’வும் கூடவே கிளம்பிப்போய் ‘மனமு’ மட்டும் மிஞ்சியிருந்தது. பீகாரிலிருந்து வந்து பானிபூரி விற்கிறவருக்கு மட்டும் ஒன்றுமே புரியவில்லை. அவர் பாஷையில் முதலிலிருந்தே ‘ஹம்’ ஒன்றுதான். இத்தனை நாள் இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார்.

தேவசகாயம்தான் ரொம்ப ஆடிப்போனார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆண்டவரைப் பார்த்து ‘எங்கள் தகப்பனே’ என்று கூப்பிடுகிற இடத்தில், சபை மொத்தமும் ‘நம் தகப்பனே’ என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டதாம். “கேட்டுக்கிட்டு இருக்கவரையும் சேத்துல்லாம்மா சொல்லிட்டோம்” என்று திங்கட்கிழமை பிரமசக்தியிடம் சொன்னார், மெஷினை ஓட்டாமல். “அவருக்கும் ஒரு தகப்பன் இருக்கிற மாதிரி. பாதிரியாரே புத்தகத்தை மூடி வச்சிட்டாரு.”

சொல் இல்லாத எல்லை கல்லோடைப் பாலம்வரைதான் என்பதைப் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி கண்டுபிடித்தது. பாலத்தின் மூன்றாவது தூணைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால், ‘நாங்க’ என்று தங்குதடையில்லாமல் வரும். ஒரு எட்டுப் பின்னால் வந்தால் ‘நாம’தான். அந்தப் பெண்ணும் பையனும் சாயங்காலமானால் அங்கே போய் நின்றுகொண்டு, ஓடையைப் பார்த்து, “நாங்க ரெண்டு பேரும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவார்கள். முதலில் ஊர் கேலி செய்தது. அப்புறம் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். மீன்காரி போய் “எங்க வீடு” என்று ஒருமுறை சொல்லிவிட்டு வந்தாள். எல்லாரையும் சேர்த்துக்கொண்டபிறகுதான், சிலரை மட்டும் சேர்த்துக்கொள்கிற சொல்லில் எவ்வளவு சூடு இருந்தது என்று ஊருக்கு உறைத்தது.

பிரமசக்தி மட்டும் பாலத்துக்குப் போகவில்லை. அங்கே போய்ச் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. ஊருக்குள்ளேயே அவளுக்கு வேண்டிய அளவு கிடைத்தது. மாவு மில்லில் “நம்ம பொண்ணு வந்திருக்கு, முதல்ல போட்டு விடு” என்பார்கள், முன்னே கண்டுகொள்ளாமல் போன ரதவீதிப் பெண்கள் “நம்ம வீட்டுக்கு வாறது” என்பார்கள். வாய் தன் பாட்டுக்குச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நன்றாகத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எதிர்க்கடை திறக்கவில்லை. மார்கழியிலிருந்தே பரமார்த்தலிங்கம் படுக்கையில்தான் இருந்தார், சாயங்காலப் பார்வையும் நின்று இரண்டு மாதமாகியிருந்தது. எட்டரை மணிக்குத் தளவாய், சவரம் செய்யாத முகத்தோடு, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டு, முதல்முறையாக அந்த அச்சகத்துப் படியேறினான்.

“போஸ்டர் அடிக்கணும்” என்றான் சுவரைப் பார்த்து. “பதினோரு மணிக்குள்ள ஒட்டணும். தூத்துக்குடிக்குப் போக நேரமில்லை.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நம்ம அப்பா போயிட்டாவ” என்றான் தளவாய்.

முப்பத்தெட்டு வருஷம் அவள் எந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது, ஆனால் ஊரே எல்லாரிடமும் அதைச் சொல்லித் தீர்த்துக்கொண்டிருக்கிற காலத்தில் வந்திருந்தது. பானிபூரிக்காரரிடம் சொல்லியிருந்தாலும் அவன் வாயில் அப்படித்தான் வந்திருக்கும்.

“வாய் அப்படித்தான் வருது” என்றான் அவன், தரையைப் பார்த்து. “வேற மாதிரி எடுத்துக்கிட வேண்டாம்.”

“தெரியும்” என்றாள் அவள். “எல்லாருக்கும் அப்படித்தான் வருது.”

படத்தை வாங்கி ஸ்கேன் செய்தாள். அவன் ஒவ்வொரு பெயராகச் சொல்ல அடித்துக்கொண்டே போனாள்: மனைவி சங்கரவடிவு, மகன் ப. தளவாய், மருமகள், பேரன், பேத்தி. ‘நம் தந்தையார் காலமானார்’ என்று மேலே தானாக நின்றது. பெயர்களுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. விரல் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவள் அந்த இடத்தில் ஒரு பூ டிசைனை வைத்து மூடினாள். தளவாய் புரூஃபை வாங்கி, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தான். பூவின்மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. “சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டும், உடனே படியிறங்கவில்லை.

அவன் போனதும் தேவசகாயம், “நீ போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

“அங்கன போயி யாருன்னு சொல்லட்டும் சார்?”

“இப்ப யாரும்மா கேக்கப் போறா? இப்பத்தான் எல்லாரும் நம்ம ஆயாச்சே.”

“அதுதான் சார் எனக்கு யோசனையா இருக்கு” என்றாள் பிரமசக்தி. ஆனாலும் போனாள்.

ரதவீதியில் பந்தல் போட்டிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு, “நம்ம ராசா, நம்மள விட்டுட்டுப் போனீயளே” என்று அழுதுகொண்டிருந்தார்கள். பந்தக்காலை ஒட்டி அவள் நின்றாள். தலைவிரி கோலமாக இருந்த சங்கரவடிவு ஒருமுறை நிமிர்ந்தவள், அவளைப் பார்த்தாள், பார்த்ததும் முகத்தைப் பக்கத்திலிருந்தவள் தோளில் புதைத்துக்கொண்டாள். ‘நம்ம ராசா’ என்று மறுபடி அழுதாள். பிரமசக்தியை வெளியே நிறுத்த ஒரு சொல் சங்கரவடிவிடம் இல்லை. உள்ளே கூப்பிட மனசும் இல்லை. கூட்டம் எல்லாவற்றையும் பார்த்தது.

தேரிமங்கலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடை கல்லோடைப் பாலத்தைத் தாண்டியதும், அந்தக் கரையில் ஒரு கல்மேடையில் இறக்கி வைத்துத் திசை மாற்றுவார்கள். பெண்களும் அதுவரை வரலாம். அங்கே சடங்கு செய்கிற மாசானம் இரண்டு கேள்வி கேட்பார். பாடையில போறது யாரு என்று முதலில் கேட்க, பிள்ளை ‘எங்க அப்பா’ என்றோ ‘எங்க அம்மா’ என்றோ உரக்கச் சொல்லவேண்டும். கூட நிக்கிறது யாரு என்று அடுத்துக் கேட்க, பெற்ற பிள்ளைகள் ஒரே குரலில் ‘நாங்க’ என்று சொல்லவேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மற்ற எல்லாரும் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பார்கள். பிள்ளைகள் மட்டும் போய் வாய்க்கரிசி போடுவார்கள், கடைசியாக முகம் பார்ப்பார்கள். சொல் போனபிறகு ஊரில் இரண்டு சாவு விழுந்திருந்தது. இரண்டு தடவையும் மேடையில் ‘எங்க’ என்ற சொல் கணீரென்று வந்தபோது, செத்தவருக்காக அழுததைவிட அந்தச் சொல்லைக் கேட்டுக் கூட்டம் கதறியது.

பிரமசக்திக்கு இது தெரியும். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டால், அச்சகத்தில் காலையில் கேட்டது அவளுக்கு மிச்சமாக இருக்கும், பொய்யோ மெய்யோ, அதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். தாண்டிவிட்டால் ‘எங்க அப்பா’ என்று அவன் சொல்வதைக் கேட்கவேண்டும், அந்த ‘எங்க’வுக்கு வெளியே அவள் நிற்கவேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து அவளும் ஒரு அடி பின்னால் வைக்கவேண்டும். கொட்டுச் சத்தத்துக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக நடந்தாள். மூன்றாவது தூணுக்கு ஒரு எட்டு முன்னால் அவள் கால் நின்றது. உதட்டுக்குள்ளேயே ‘எங்க அப்பா’ என்று சொல்லிப் பார்த்தாள். ‘நம்ம அப்பா’ என்று தன் காதுக்கே கேட்டது.

அக்கரையில் பாடையை இறக்கினார்கள். கொட்டு நின்றது. மாசானம் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, ஓடைக்கு எதிரொலிக்கிற குரலில் கேட்டார்:

“பாடையில போறது யாரு?”

கொள்ளிச்சட்டியைப் பிடித்திருந்த தளவாய் வாயைத் திறந்தான். கூட்டம் அந்தச் சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவன் உதடு ‘எ’வுக்கு விரிந்ததைப் பாலத்திலிருந்தே பிரமசக்தி பார்த்தாள். அப்படியே அவன் நின்றான். தலையைத் திருப்பி, தலைகளுக்கு மேலாக, மூன்றாவது தூணுக்கு முன்னால் தனியாக நிற்கிறவளைப் பார்த்தான்.

“நம்ம அப்பா” என்றான்.

கூட்டத்தில் சலசலப்பு. சொல் இங்கேயும் போய்விட்டதா என்று பயந்த ஒருவர், “எங்க மாடு, எங்க வயலு” என்று அவசரமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

“தம்பி, பாலம் தாண்டியாச்சு” என்றார் மாசானம் மெல்ல. “இனி சரியாச் சொல்லலாம்.”

“சரியாத்தான் சொல்லுதேன்” என்றான் தளவாய். “நம்ம அப்பா.” பிறகு பாலத்தைப் பார்த்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, நேராக அவளிடம் சொன்னான்: “நீ ஏன் அங்கனயே நிக்கே? வா.”

நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஆள் போகிற அளவுக்கு விலகி வழிவிட்டார்கள். அவள் மூன்றாவது தூணைத் தாண்டி அந்த ஒரு எட்டை வைத்தாள். நாக்கில் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எப்படி நடந்து மேடைக்கு வந்தாள் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்கு நினைவில்லை. கண் மூடிக் கிடந்தவரின் முகத்தை அவ்வளவு பக்கத்தில், பகலில், ஊர் பார்க்க, அவள் அதுவரை பார்த்ததில்லை.

மாசானம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

“கூட நிக்கிறது யாரு?”

தளவாய் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காகக் காத்திருந்தான். அப்பனுக்கு ஒற்றைப் பிள்ளையாகத் தனியாகச் சொல்லியிருக்கவேண்டிய சொல்லை, அவள் மூச்சு சீராகும்வரை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வழக்கத்துக்காகச் சொன்ன சொல்தான், ஆனால் அன்றைக்குத்தான் அதற்குள் இன்னொரு ஆள் நின்றான்.

“நாங்க” என்றார்கள் இரண்டு பேரும்.

ஊர் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றது. பஞ்சாயத்துத் தலைவர், வாத்தியார், தேவசகாயம், ரதவீதிப் பெண்கள், எல்லாரும். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், எதைக் கும்பிட்டோம் என்று அவர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் இரண்டே பேர் நின்றார்கள். பிரமசக்தி ஒரு பிடி அரிசியை எடுத்தாள், தளவாய் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தான். “அப்பா” என்று அவள் கூப்பிட்டாள். பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது.

பெண்கள் பாலம் வழியாகத் திரும்பியபோது சொல்லும் அவர்களோடு ஊருக்குள் வந்துவிட்டது. மூன்றாவது தூணைத் தாண்டியும் மீன்காரியின் வாயில் ‘எங்க’ நின்றது. சாயங்காலத்துக்குள் போர்டுகளில் பெயிண்டும் பத்திரிகைகளில் மையும் பழைய இடத்துக்கு நகர்ந்தன. வரப்புக்காரர்கள் மறுபடி சண்டை போட்டுக்கொண்டார்கள், முன்னளவுக்கு இல்லை. சங்கரவடிவு அதற்குப் பிறகும் பிரமசக்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மிட்டாய்க் கடையில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்று பலகை திரும்பியிருந்தது. நாலாம் நாள் தளவாய் ஏணி வைத்து ஏறி, அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்ச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டான்.

பத்தாம் நாள் அவன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு அடிக்க வந்தான். இந்தத் தடவை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“அன்னைக்கு உன் பேரை நீயாப் போட்டிருப்பேன்னு நெனச்சுத்தான் பாத்தேன்” என்றான். “போடலை. பூவை வச்சு மூடியிருந்தே. அது வீட்டுக்குப் போறவரைக்கும் கண்ணுலயே நின்னுச்சு.”

அவள் கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவன் பெயர்களைச் சொன்னான். மகன் ப. தளவாய். அடுத்து, மகள் என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். “உனக்கு முன்னால என்ன எழுத்து? ‘ப’ போட்டுரலாமா?”

“வேண்டாம்ண்ணே. ‘கோ’வே இருக்கட்டும். அது எங்க அம்மா எழுத்து.”

“சரி” என்றான் தளவாய். “அப்படியே போடு.”

அவள் கர்சரை மேலே கொண்டுபோய், முதல் வரியில் ‘எங்கள் தந்தையார்’ என்று அடித்தாள். அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், அது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாறவில்லை. உள்ளறையிலிருந்து எட்டித் திரையைப் பார்த்த தேவசகாயம், அன்றைக்கு அவள் கேட்ட ‘கூட யாரு’வைத் தானும் கேட்க வாயெடுத்தார், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார், கேட்காமலே போய் மெஷினை ஓட்டினார்.